ஒப்புமையும் உறவும்: ஒரு சூப்பரோசாச் செடியின் கதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரன் பாலைவனத்துக்குள் அமைந்த நகரம் டூசான். அங்கே ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெய்கிறது. நகரின் மேற்கு ஓரத்தில் பழைய வீடொன்றின் பின்னறைக்கு, ஓர் ஆகஸ்ட் மாதத்தில், காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து மொழியியல் ஆய்வுக்காகச் சென்ற மாணவி ஒருத்தி குடிவந்தாள். வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்த, மெக்சிக வழிவந்த மூதாட்டி. பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். மாணவி அவரைச் ‘செனோரா’ என்று மரியாதையாக அழைத்தாள். அவர் இரண்டாம் நாளே இவளை ‘மீஹா’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். ஸ்பானிய மொழியில் ‘என் மகளே’ என்பதன் பேச்சுவடிவம் அது.

பின்னறையின் சன்னலுக்கு எதிரே, மண்சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு புதர் நின்றது. சாம்பல் கலந்த பச்சைத் தண்டுகள், சிறிய இலைகள், அழகென்று சொல்ல எதுவுமில்லை. அதன் பெயரைக் கேட்டபோது மூதாட்டி சொன்னது மாணவியின் காதில் ‘சூப்பர் ரோசா’ என்று விழுந்தது. ரோசாவின் சாயல் சிறிதும் இல்லாத செடிக்கு இப்படியொரு விளம்பரப் பெயரா என்று அவள் சிரித்தாள். மூதாட்டி காகிதத்தில் எழுதிக் காட்டினார்: சூப்பரோசா. ஸ்பானியத்தில் ‘சூப்பார்’ என்றால் உறிஞ்சுதல். ‘ரோசா’ என்றால் ரோசாப்பூ. பூவை உறிஞ்சுவது என்பது பொருள். மெக்சிகோவில் அது உண்மையில் ஒரு பறவையின் பெயர். பூவின் முன் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டின் பெயர். அந்தப் பறவை வந்து குடிக்கும் செடிக்கும் அதே பெயரே வழங்குகிறது.

மொழியியல் படித்த எவருக்கும் இந்த இடத்தில் காது கூர்மையாகும். தமிழில் குழந்தை விரலைச் சூப்புகிறது. ஸ்பானியத்திலும் ஏறத்தாழ அதே ஒலியில் அதே வினை. ஆனால் வரலாற்று மொழியியல் முதல் வகுப்பிலேயே இத்தகைய மகிழ்ச்சிக்குக் கடிவாளம் போட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான இம்பபரத்தில் நாய்க்குப் பெயர் ‘டாக்’, ஆங்கிலத்திலும் அதுவே. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. மறுபுறம், ஆர்மீனிய மொழியில் ‘இரண்டு’ என்பதற்குரிய ‘எர்கு’ என்ற சொல்லும் இலத்தீனின் ‘துவோ’ என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. பார்வைக்கு ஓர் ஒற்றுமையும் தெரியாது. ஒப்புமை இருக்குமிடத்தில் உறவு இல்லாதிருக்கலாம். உறவு இருக்குமிடத்தில் ஒப்புமை அழிந்திருக்கலாம். உறிஞ்சும் ஒலியைப் பின்பற்றிப் பிறக்கும் சொற்கள் எங்கெங்கோ தனித்தனியே ஒன்றுபோல் முளைக்கும். மாணவி இதையெல்லாம் அறிந்தவள். வகுப்பில் இளநிலை மாணவர்களுக்கு இதையே அவள் கற்பித்துக்கொண்டும் இருந்தாள்.

பிப்ரவரியில் புதர் பூத்தது. விரல்நீளத்துக்குச் சற்றுக் குறைந்த, குழல் போன்ற செந்நிறப் பூக்கள் தண்டுகளை மறைத்தன. கூடவே பறவைகளும் வந்தன. பெரும்பாலும் கோஸ்டா ஓசனிச்சிட்டுகள். ஒன்றின் எடை மூன்று கிராம் அளவே. ஆணின் தொண்டையில் ஊதா நிறம், இருபுறமும் நீண்டு தொங்கும் மீசையைப் போலப் பிரிந்து, ஒளிபடும் கோணத்துக்கேற்ப மின்னியது. பாலைவனத்தில் இந்தப் பறவை முட்டையிடுவது குளிர் முடிந்து கோடை தொடங்குவதற்கு இடைப்பட்ட குறுகிய காலத்தில். பிற செடிகள் பல பூக்கத் தொடங்குமுன் சூப்பரோசா பூத்துவிடுகிறது. கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது யாவும் பெட்டையின் தனிப்பொறுப்பு. சிலந்தி நூலால் இறுக்கிய கிண்ணம் போன்ற கூட்டில் இரண்டு முட்டைகள். அந்த வாரங்களில் அதற்கு அருகிலேயே தேன் கிடைக்க வேண்டும்.

மாணவி ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினாள். ‘இது நம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டுதானே’ என்று அவள் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. அது இயல்பான தவறு. இந்தியாவில் தேன்சிட்டின் படத்தைப் போட்டு அமெரிக்கப் பறவையின் ஆங்கிலப் பெயரை எழுதுவோர் இன்றும் பலர். இன்றைய ஓசனிச்சிட்டுகள் ஏறத்தாழ 360 வகை. அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றையொட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுக்கு நெருங்கிய உறவு, மாலை வானில் கத்தி போன்ற சிறகுகளோடு சுழலும் உழவாரன். தேன்சிட்டோ குருவி, காகம் முதலியவை அடங்கிய பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. நீண்ட அலகு, மின்னும் இறகு, தேன் குடிக்கும் நாக்கு ஆகியவற்றை இரண்டும் தனித்தனியே பெற்றன. ஒரே வகைத் தொழில், தொடர்பில்லாத இரு குலங்களை ஒரே உருவை நோக்கித் தள்ளுவதைக் குவி பரிணாமம் என்கிறார்கள். ‘டாக்’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் போன்ற ஒன்றுதான் இந்த இரு பறவைகளுக்கும் நேர்ந்திருக்கிறது.

செடியின் செய்தி நேர்மாறானது. சூப்பரோசாவின் அறிவியல் பெயர் ஜஸ்டிசியா கலிபோர்னிகா. அந்தப் பேரினப் பெயரைக் கண்டதும் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் ஊரில் வேலியோரம் வளரும் ஆடாதோடையின் பெயர் ஜஸ்டிசியா ஆடாதோடா. இருமலுக்குக் கசாயம் வைக்கும் அதே ஆடாதோடை. லின்னேயஸ் 1753-இல் இட்ட அந்தப் பெயரின் பின்பாதி நம் பக்கத்து நாட்டு வழக்கிலிருந்து போனது. ஒன்று அகன்ற இலையும் வெண்பூவுமாக நிற்பது; மற்றது இலையை உதறிவிட்டுச் செம்பூ பூப்பது. ஒன்றன் பூவிதழ் தேனீ வந்து இறங்குவதற்கு மேடை அமைத்திருக்கிறது. மற்றதன் பூக்குழல் பறவையின் அலகுக்கு அளவெடுத்தது போலிருக்கிறது. அதில் மகரந்தம் பறவையின் நெற்றியில் படிகிறது. வெளித்தோற்றத்தில் இரண்டையும் சேர்க்க வழியில்லை. காயைப் பிரித்தால் உறவு தெரியும். முற்றிக் காய்ந்த காய் இரண்டாக வெடிக்கும். விதையின் அடியில் கொக்கி போன்ற சிறு காம்பு இருந்து அதை எறியும். நம் ஊரில் கனகாம்பரத்தின் காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடாத பிள்ளைகள் குறைவு. அதுவும் இதே குடும்பத்துச் செடிதான்.

இவ்வளவும் அறிந்த ஒருத்தி அந்தச் செடியைக் கொன்றாள்.

அடுத்த மே மாத இறுதியில் மூதாட்டி தம் மகளின் பிரசவத்துக்காக வேறு மாநிலத்துக்குப் போனார். வீட்டை மாணவியிடம் ஒப்படைத்தபோது, முன்வாசல் எலுமிச்சைக்கு வாரம் இருமுறை தண்ணீர் விடச் சொன்னார். பின்பக்கத்துப் புதரைப் பற்றிக் கேட்டதற்கு, ‘அதற்கு ஒன்றும் வேண்டாம், மீஹா. அதற்குத் தெரியும்’ என்றார். அந்தப் புதரை 1990-களில் நட்டவர் மூதாட்டியின் கணவர். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதை மூதாட்டி ஒரே ஒரு முறை, பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

ஜூன் மாதத்தில் டூசானில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். புதரின் இலைகள் பழுத்து உதிர்ந்தன. பதினைந்து நாளில் வெறும் தண்டுகளே மிஞ்சின. இறந்தவர் நட்ட செடி தன் பொறுப்பில் சாகிறது என்ற அச்சம் மாணவியைப் பிடித்தது. ஊரில் அம்மா வாசலில் வைத்திருந்த மல்லிகை வாடினால் உடனே தண்ணீர் ஊற்றுவது அவள் கண்ட வழக்கம். நாள்தோறும் மாலையில் ஒரு வாளி ஊற்றினாள். பிறகு காலையிலும் ஊற்றினாள். ஜூலையில் அவ்வூர்க் கோடை மழையும் சேர்ந்துகொண்டது. டூசான் மக்களும் அதை ‘மான்சூன்’ என்றே சொல்கிறார்கள். அந்த நிலத்தில் ஓரடி, இரண்டடி ஆழத்தில் சுக்கான்பாறை போன்ற சுண்ணாம்புப் படலம் பல இடங்களில் இறுகிக் கிடக்கிறது. அதற்கு மேல் தண்ணீர் தேங்கியது. சூடான ஈரமண்ணில் காற்றில்லாமல் வேர்கள் அழுகின. தண்டுகளின் பச்சை முதலில் மங்கியது. பின் பழுப்பாகி, தொட்டால் ஒடிந்தது.

அந்தப் பச்சைதான் செடியின் உயிர்க்குறி. சூப்பரோசா வறட்சியில் இலையை உதிர்ப்பது நீரிழப்பைக் குறைப்பதற்காக. அந்நாட்களில் அதன் தண்டுகளே ஒளிச்சேர்க்கை செய்து உணவு சமைக்கின்றன. அது ஓய்ந்திருந்த காலத்தில்தான் மாணவி அதை நீரில் மூழ்கடித்தாள்.

ஆகஸ்ட் மாதத்தில் மூதாட்டி திரும்பிவந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மூதாட்டி ஒரு தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார், இன்னொன்றையும் கீறினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: ‘உங்கள் ஊரில் வெயில்காலத்தில் இலை உதிர்க்கும் செடியே கிடையாதா?’

இருக்கிறது. மாணவியின் தாத்தாவுக்குக் காங்கேயம் பக்கத்தில் கொறங்காடு உண்டு. வெள்வேல மரங்களும் புல்லும் நிறைந்த மேய்ச்சல் நிலம் அது; சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கோடையில் கிளுவை ஓர் இலைகூட இல்லாமல் குச்சியாக நிற்கும். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. செத்துவிட்டதென்று யாரும் பிடுங்கியதுமில்லை. மழை விழுந்த சில நாளில் அது துளிர்ப்பதைச் சிறுவயது முழுவதும் அவள் பார்த்திருக்கிறாள். சூப்பரோசாவைப் புரிந்துகொள்ளத் தேவையான அறிவு அவள் வீட்டிலேயே இருந்தது. அவசரத்தில் கைக்கு வந்ததோ மல்லிகை. வாட்டம் என்ற வெளித்தோற்றம் ஒன்றாயிருந்ததால் மருந்தும் ஒன்றென்று எண்ணிவிட்டாள். வகுப்பில் மாணவர்களின் விடைத்தாளில் அவள் சிவப்பு மையால் சுழிக்கும் பிழை இதுவே.

அந்தக் கொறங்காட்டிலிருந்து இன்னொன்றும் அந்த ஆண்டு அவளைத் தேடி வந்தது. அக்டோபரில் ஊருக்கு வெளியேயுள்ள மலைச்சரிவுகளில் ஆக்கிரமிப்புப் புல்லைத் தோண்டி அகற்றும் தன்னார்வலர்களோடு மூதாட்டி அவளை அனுப்பிவைத்தார். கையில் கடப்பாரையைக் கொடுத்துப் புல்லைக் காட்டியபோது அவளால் நம்ப முடியவில்லை. அது கொழுக்கட்டைப் புல். தாத்தாவின் கொறங்காட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் அதே புல். வறட்சியைத் தாங்கி நிற்பதற்காக அவர் மெச்சும் புல். ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை இயல்பாக வளரும் அதை, மாட்டுத் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அரிசோனாவுக்கு 1930-களில் கொண்டுபோனார்கள். அங்கு அது பரவியது. சொனோரன் பாலைவனத்துச் செடிகள் இயல்பில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்பவை. அதனால் அங்கு நெருப்பு நெடுந்தூரம் ஓடுவதில்லை. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளிகளை நிரப்பிக் காய்ந்து, நெருப்புக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. தீயைப் பழகாத சகுவாரோக் கள்ளிகள் அதில் கருகுகின்றன. புல்லோ வேரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. அரிசோனா அதை 2005-இல் தீங்கான களையென்று அறிவித்தது. இதன் மறுபக்கமும் நமக்குத் தெரிந்ததே. டூசானில் வீட்டுக்கு வீடு நிழலும் ஓசனிச்சிட்டுக்குக் கூடுகட்டக் கிளையும் தரும் மெஸ்கீட் மரம், நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு.

‘வறட்சி தாங்கும் செடி’ என்ற தொடர் இப்போது உலகெங்கும் ஒரு பாராட்டாக வழங்குகிறது. அரிசோனாவில் அதற்கு அவசரமும் உண்டு. கொலராடோ ஆற்று நீருக்கு முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, 2022-இல் மாநிலத்தின் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு வெட்டப்பட்டது. புல்வெளியைப் பிடுங்கிவிட்டு வேறெதையாவது நட வேண்டிய கட்டாயம் பலருக்கு. ஆனால் கொழுக்கட்டைப் புல்லும் வறட்சி தாங்கும், சூப்பரோசாவும் தாங்கும். அந்தத் தொடர் ஒரு செடியின் திறமையை மட்டும் சொல்கிறது. யாரோடு சேர்ந்து வாழும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வது மெக்சிக மக்கள் இட்ட பெயர். கோஸ்டா என்பது பறவைத் தோல்களைச் சேகரித்த ஓர் ஐரோப்பியப் பிரபுவின் பெயர். ஜஸ்டிசியா என்பதற்குள் இருப்பவர் ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர். இருவருக்கும் இந்தப் பாலைவனத்தோடு எந்த உறவுமில்லை. மனிதர் பெயர் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023-இல் அறிவித்தபோது பெரும் விவாதம் எழுந்தது. அந்த விவாதம் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, பறவைக்கும் பூவுக்கும் ஒரே சொல்லைப் போதுமாக்கிக்கொண்ட மக்கள் அங்கே இருந்தார்கள்.

இறந்த செடிக்கு மாற்று, மூன்று வீடு தள்ளிக் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் மூதாட்டியின் கணவர் தம் புதரிலிருந்து கிளைவெட்டி அந்த வீட்டாருக்குக் கொடுத்திருந்தார். மூதாட்டி அதை மறந்தே போயிருந்தார். அந்த வீட்டுக்காரர் நினைவுபடுத்தினார். வெட்டிய கிளையிலிருந்து வளர்ந்த செடி என்பதால், மரபில் அது இறந்த செடியேதான். வெப்பம் தணியாத செப்டம்பரிலேயே மாணவி ஆறு துண்டுகளை வெட்டி வந்து, மணலும் சிறுகல்லும் கலந்த தொட்டிகளில் ஊன்றியிருந்தாள். நான்கு வேர்விட்டன. உறைபனி சூப்பரோசாவுக்கு ஆகாது; இளஞ்செடி தாங்காது. 2011 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் பழைய புதர் தரைவரை கருகி, வேரிலிருந்து மீண்டதை மூதாட்டி சொன்னார். ஆகவே தொட்டிகள் குளிர்காலம் முழுவதும் அறைச் சன்னலுக்குள் இருந்தன.

நடுமுன் மூதாட்டி ஒரு சோதனை செய்யச் சொன்னார். குழி வெட்டி, நீர் நிரப்பி, மறுநாள் பார்ப்பது. நீர் வடியாமல் நின்றது. பழைய இடத்திலேயே நட வேண்டுமென்று மாணவிக்கு ஆசை. மூதாட்டியோ அந்த ஆசையைப் பொருட்படுத்தவில்லை. சுவரின் மறுகோடியில் வெட்டிய குழியில் நீர் சில மணிநேரத்தில் இறங்கியது. நாள் முழுவதும் வெயில் விழும் அந்த இடத்தில், மார்ச் மாதத்தில், உரம் எதுவுமிடாமல் இரண்டு செடிகள் நடப்பட்டன. முதலாண்டுக் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாக நீர்விட்டு, அடுத்த முறைக்குள் மண் காய விட வேண்டும். வேர்பிடித்த பின் கோடையில் மாதத்துக்கு ஓரிருமுறை போதும். ஜூனில் இலைகள் உதிர்ந்தன. மாணவி தினமும் போய்த் தண்டின் பச்சையைப் பார்த்துவிட்டு, வாளியைத் தொடாமல் திரும்பினாள். அந்த ஆண்டில் அவளுக்கு மிகக் கடினமாயிருந்த வேலை அதுவே.

இடையில் ஒரு பிப்ரவரி பூவில்லாமல் கடந்திருந்தது. சர்க்கரை ஒரு பங்கு, நீர் நான்கு பங்கு கலந்த ஊட்டுக்கலம் ஒன்றை அவள் தொங்கவிட்டாள். அதைப் பெரிய வகையான அன்னா ஓசனிச்சிட்டின் ஆண் ஒன்று கைப்பற்றிக்கொண்டு மற்றவற்றை விரட்டியது. ஒரே இடத்தில் தேங்கிய உணவைக் காவல்காப்பது எளிது. புதர் முழுக்கச் சிதறிய நூறு பூக்களை ஒரு பறவையால் காக்க முடியாது. கோஸ்டாப் பெட்டை ஒன்று இருமுறை சன்னலருகே வந்து, பழைய புதர் நின்ற வெற்றிடத்தின் முன் சற்றுநேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுப் போனதாக மாணவி குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். அது முந்தைய ஆண்டின் பறவைதானா என்று சொல்ல வழியில்லை. அவளும் அப்படி எழுதவில்லை.

மறு பிப்ரவரியில் இளஞ்செடிகள் பூத்தன. முழங்கால் உயரச் செடிகளில், எண்ணிப் பார்த்தால் முப்பது, நாற்பது பூக்கள். குருவிகள் சில பூக்களை அடியில் கொத்திக் கிழித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போயின. பத்தாம் நாள் காலையில் மூதாட்டி சமையலறையிலிருந்து ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: ‘சூப்பரோசா.’

மாணவி எழுந்து சன்னலுக்கு வந்தாள். அவர் சொன்னது செடியையா, பறவையையா என்று கேட்கவில்லை.